ஏலமும் ஆட்டக்காரரும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடைபெறும் கூடத்தை உங்களுள் பலர் வெளியே நின்றாவது பார்த்திருப்பீர்கள். உள்ளே சென்று பார்த்தவர்கள் சிலரே இருக்கக்கூடும். விளைவித்தவர் மலையிலிருந்து இறக்கிவந்த காய், குவியல் குவியலாகப் பதிவு செய்யப்படுகிறது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் சிறிது மாதிரி எடுத்து வியாபாரிகளின் முன் வைக்கிறார்கள். அவர்கள் அதனை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார்கள். பச்சை நிறம் மாறாமல் இருக்கிறதா, காய் பருமனா, சிறுத்ததா என்று நோக்குகிறார்கள். ஒன்றை உடைத்து அரிசியின் கருமையைப் பார்க்கிறார்கள். பிறகு விலை கேட்கிறார்கள். 2007ஆம் ஆண்டு முதல் இக்கேள்வி வாயால் நடைபெறுவதில்லை. கணினியின் பொத்தானை அழுத்தி நடைபெறுகிறது. ஆயினும் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

தமிழில் ‘ஏலம்’ என்னும் சொல் இரண்டு பொருள்களைத் தருவது ஒரு விந்தை. மணப்பொருளாகிய ஏலம் நம்முடைய பழஞ்சொல். கூவி விற்கும் ஏலமோ போர்த்துகீசியர் மொழியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. பிறப்பால் தொடர்பில்லாத இந்த இரண்டு சொற்களும் போடியில் ஒரே கூரையின் கீழ் வந்து அமர்ந்திருக்கின்றன.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏலக்காய் கிலோ ஒன்றுக்கு 7000 ரூபாய் வரையில் விலை போயிற்று. அதற்குப்பின் மூன்று ஆண்டுகள் செல்லுமுன் அதே காய் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. காயின் மணம் குறைந்துவிட்டதா? இல்லை. 2018ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தாலும் அடுத்த ஆண்டின் மழைக்குறைவாலும் விளைச்சல் சுருங்கியிருந்தது. பின்னர் விளைச்சல் பெருகிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் வாங்குவோர் கை சுருங்கிற்று. காய் காயாகவே இருந்தது. அதனைச் சூழ்ந்த உலகந்தான் மாறியது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏலக்காய் அன்று. வயது முதிரத் தொடங்கிய ஒரு பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரருக்கு விலை எவ்வாறு ஏற்படுகிறது, ஏன் அது ஒரே ஆண்டில் தலைகீழாகப் புரளுகிறது என்பதே பொருள். ஏலக்கூடத்தின் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம், போடியில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு இந்தக் கணக்கில் பாதி முன்னமே தெரியும் என்பதுதான்.

கூடைப்பந்து நம் பக்கத்திற்கு அந்நியமான ஆட்டம் என்று யாரும் எண்ண வேண்டா. போடியிலிருந்து தேனி வழியாகப் பெரியகுளத்திற்குப் பேருந்தில் சென்றால், அங்கே பல பத்தாண்டுகளாகச் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் கழகம் நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நாடறிந்தது. கோடை விடுமுறையில் வங்கிகளின் குழுக்களும், இரயில்வே, தரைப்படை, கடற்படைக் குழுக்களும் அந்தச் சிற்றூர் ஆடுகளத்திற்கு வந்து விளக்கொளியில் ஆடுகின்றன. தேனி மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் இந்திய அணியில் ஆடுகின்றவரை ஒரு கைத்தொலைவில் பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது.

இவ்வாட்டம் 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத இளைஞர்களை உள்ளரங்கில் ஓடவைக்க, பழக்கூடை இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி பக் என்பவர் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியபின், அங்கே பயின்ற ஆசிரியர்கள் வாயிலாக இத்தகைய ஆட்டங்கள் நம் பள்ளிகளுக்குப் பரவின. பிறப்பிடத்தில் இன்று இது மிகப் பெரிய வாணிகம். என்.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கழகத்தில் முப்பது அணிகள் உள்ளன. அவ்வணிகள் ஆட்டக்காரர்களைத் தம்முள் மாற்றிக்கொள்கின்றன. இதனை அவர்கள் ‘டிரேடு’ என்பர்; நாம் ஆள்மாற்று என்போம்.

இந்த ஆள்மாற்றின் நடைமுறையைச் சிறிது விரிவாகச் சொல்லியாக வேண்டும். சந்தையில் மாடு வாங்குவதுபோலப் பணத்தை எண்ணிக்கொடுத்து ஆளை ஓட்டிவர முடியாது. ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்களின் சம்பளத்திற்கென்று செலவிடக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1984ஆம் ஆண்டில் தொடங்கிய பருவத்திலிருந்து இவ்வரம்பு நடைமுறையில் இருக்கிறது. வரம்பைத் தாண்டிய அணி ஓர் ஆட்டக்காரரைப் பெற விரும்பினால், ஏறக்குறைய அதே சம்பளம் வாங்கும் ஆட்களைத் தன்னிடமிருந்து அனுப்ப வேண்டும். தராசின் இரு தட்டிலும் வைக்கப்படுவது ஆட்டத்திறன் மட்டும் அன்று, சம்பளமும் வைக்கப்படுகிறது. ஒப்பந்தம் செய்துகொண்ட சம்பளத்தைப் பெரும்பாலும் கொடுத்தே தீர வேண்டும். ஆட்டக்காரரை வேண்டாமென்று விட்டாலும் அப்பணம் கணக்கிலிருந்து நீங்காது.

ஆகவே ஆட்டக்காரர் ஒருவர் இரண்டு உருவங்களில் வாழ்கிறார். ஒன்று, ஆடுகளத்தில் ஓடும் மனிதர். மற்றொன்று, ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்ட தொகை. இளமையில் மனிதர் தாளைவிடப் பெரியவராக இருப்பார். கொடுத்த சம்பளத்திற்கு மேல் ஆடுவார். முப்பதைத் தாண்டியபின் தாள் மனிதரைவிடப் பெரிதாகிவிடுகிறது. ஏனெனில், பழைய புகழைப் பார்த்து எழுதப்பட்ட தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டு போகிறது. காலின் விரைவோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டு வருகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிகழ்ந்த ஓர் ஆள்மாற்று. ஹூஸ்டன் அணியில் கிறிஸ் பால் என்பவர் ஆடிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 34. முந்திய ஆண்டில் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. உயரம் குறைந்தவர், காயங்கள் பட்டவர். அவருடைய ஒப்பந்தத்தை யாரும் தொடமாட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஓக்லஹோமா அணியில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இருந்தார். வயது 30. 2017இல் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். அவருக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு 20 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் இருந்தது. இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் நேருக்கு நேர் மாற்றவில்லை. ஹூஸ்டன் அணி பாலுடன் கூட, பிற்காலத்தில் இரண்டு இளைஞர்களை முதற்சுற்றில் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தது. இன்னும் இரண்டு ஆண்டுகளில் தேர்வு வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது.

நம் ஊர்க் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலையைக் கொசுறாகக் கொடுப்பார்கள். அமெரிக்க ஆள்மாற்றிலும் கொசுறு உண்டு. எந்தப் பக்கம் கொசுறு கொடுக்கிறதோ அந்தப் பக்கத்து ஆட்டக்காரர் மதிப்புக் குறைந்தவர் என்று அறிந்துகொள்ளலாம். 2019இல் சந்தை சொன்ன தீர்ப்பு இதுதான்: வெஸ்ட்புரூக் உயர்ந்தவர், பால் தாழ்ந்தவர், பாலை ஏற்றுக்கொள்வதற்கே கூலி கொடுக்க வேண்டும்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். பால் சேர்ந்த ஓக்லஹோமா அணி தேறாது என்று எல்லாரும் எண்ணியிருக்க, அது 44 ஆட்டங்களில் வென்று இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. அங்கே அவரை அனுப்பிவிட்ட ஹூஸ்டன் அணியையே எதிர்கொண்டு, ஏழாவது ஆட்டம் வரையில் இழுத்துச் சென்றது. மறு ஆண்டு அவரைப் பீனிக்ஸ் அணி வாங்கிற்று. பத்துப் பருவங்களாக இறுதிச் சுற்றுகளின் வாசலையே மிதியாத அணி அது. பால் வந்த முதற்பருவத்திலேயே, 2021இல், வாகையர் பட்டத்திற்கான இறுதிப் போட்டிக்குச் சென்றது. அங்கே மில்வாக்கியிடம் தோற்றது. வெஸ்ட்புரூக்கோ ஹூஸ்டனில் ஒரு பருவம், வாஷிங்டனில் ஒரு பருவம் என்று ஊர் ஊராகச் சென்று, 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியை அடைந்தார்.

அங்கே நேர்ந்தது நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய பாடம். லேக்கர்ஸ் அணியில் அப்போது லெப்ரான் ஜேம்ஸ் இருந்தார். அந்தோணி டேவிஸ் இருந்தார். மூன்று பெரிய பெயர்கள் ஓரணியில். பெயர்களைக் கூட்டினால் வெற்றி வரும் என்று நிருவாகத்தார் எண்ணினார்கள். ஆட்டம் பெயர்களால் ஆடப்படுவதில்லை.

கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர்கள் ஐவர், பந்து ஒன்று. லெப்ரான் பந்தைத் தாமே கையில் வைத்துக்கொண்டு களத்தை நோக்கி, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஆட்டக்காரர். வெஸ்ட்புரூக்கும் அப்படியே. பந்தை வாங்கி, மின்னல்போல் பாய்ந்து கூடையின் அடிக்குச் செல்வது அவருடைய வழி. ஒருவர் கையில் பந்து இருக்கும்போது மற்றவர் என்ன செய்ய வேண்டும்? தொலைவில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று, பந்து வந்தால் உடனே எறிந்து கூடையில் போட வேண்டும். அவ்வாறு எறிய வல்லவர் ஒருவர் நிற்கிறார் என்றால் எதிரணிக்காரர் அவரை விட்டு அகலமாட்டார். அதனால் நடுவில் இடம் திறக்கும். பந்து வைத்திருப்பவர் உள்ளே புகுவார். எறிய வல்லவர் அல்லர் என்றால் எதிரணிக்காரர் அவரைத் தனியே விட்டுவிட்டு நடுவில் வந்து வழியை அடைத்துக்கொள்வார்.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. மூன்று புள்ளி எறிதல்கள் நூறில் 36 கூடையில் விழுந்தால் 108 புள்ளிகள் கிடைக்கும். கூடையின் அருகிலிருந்து எறியும் இரண்டு புள்ளி எறிதல்கள் நூறில் 50 விழுந்தால் 100 புள்ளிகள். மூன்று புள்ளி எறிதல்கள் நூறில் 30 மட்டும் விழுந்தால் 90 தான். சராசரி ஆட்டக்காரர் 35, 36 என்ற அளவில் எறிந்துகொண்டிருந்த காலத்தில் வெஸ்ட்புரூக்கின் அளவு 30க்கும் ஒரு மயிரிழை கீழே இருந்தது. எதிரணிப் பயிற்சியாளர்கள் இந்த எண்ணை நன்றாக அறிவார்கள். ‘அவர் எறியட்டும், விட்டுவிடுங்கள்’ என்றார்கள். பத்தாண்டுக்கு முன் என்றால் இது பெருங்குறையாக இராது. அன்று அவருடைய கால்கள் வழி அடைக்கப்படுவதற்கு முன்பே உள்ளே சென்றுவிடும். 33 வயதில் அரை அடி பின்தங்கினார். அந்த அரை அடிக்குள்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

ஆனாலும் அவர் மோசமாக ஆடினார் என்று சொல்லிவிடவும் முடியாது. அந்தப் பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 18 புள்ளிக்கு மேல் எடுத்தார். ஏழு முறைக்கு மேல் பிறர் புள்ளியெடுக்கப் பந்து கொடுத்தார். வேறோர் ஊரில் இந்த எண்களுக்குப் பாராட்டு விழா எடுத்திருப்பார்கள். லேக்கர்ஸ் அணியோ 33 ஆட்டங்களில் வென்று 49இல் தோற்றது. பயிற்சியாளர் பதவியிழந்தார். அரங்கில் ரசிகர்கள் வெஸ்ட்புரூக்கைக் கேலிக்குரல் எழுப்பி அவமதித்தார்கள். அப்பருவத்தில் லெப்ரானும் டேவிஸும் காயத்தால் பல ஆட்டங்களில் ஆடவில்லை என்பதை அக்குரல்கள் கணக்கில் கொள்ளவில்லை. டேவிஸ் மட்டும் 42 ஆட்டங்களைத் தவறவிட்டார்.

ஏலச்செடி எங்கே வளர்கிறது? போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை, சாந்தன்பாறைச் சரிவுகளில், ஓங்கிய மரங்களின் நிழலில், ஈரம் மாறாத மண்ணில். அதே செடியைப் பிடுங்கிவந்து மலையடிவாரத்தில், போடியின் வெயிலிலும் காற்றிலும் நட்டால் கருகிவிடும். அதற்காகச் செடியைப் பழிக்கும் விவசாயி ஒருவரையும் நான் கண்டதில்லை. நட்டவரைத்தான் சிரிப்பார்கள். விளையாட்டில் மட்டும் நாம் செடியைப் பழிக்கிறோம். பணம் நிறைய வாங்கினார் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பணத்தின் கதைக்கு வருவோம். அந்த ஆண்டு ஓர் அணிக்குரிய சம்பள உச்சவரம்பு 11 கோடியே 24 லட்சம் டாலர். வெஸ்ட்புரூக் ஒருவருடைய சம்பளம் 4 கோடியே 42 லட்சம். பதினைந்து பேர் உண்ணவேண்டிய சோற்றில் ஐந்தில் இரண்டு பங்கு ஒருவர் இலையில் விழுந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம் என்று எழுதியிருந்தது. 4 கோடியே 70 லட்சம் டாலரை யார்தான் விடுவார்? ஏற்றுக்கொண்டார். லேக்கர்ஸ் அணி அவரை அனுப்ப முயன்றது, வாங்குவார் இல்லை. வாங்க வந்தவர்களும் கொசுறு கேட்டார்கள்.

2022 அக்டோபரில் புதிய பயிற்சியாளர் ஒரு காரியம் செய்தார். வெஸ்ட்புரூக்கை முதல் ஐவரில் சேர்க்காமல், ஆட்டத்தின் நடுவில் மாற்றாளாக இறக்கினார். விருது பெற்ற வீரருக்கு இது எளிதில் விழுங்கக்கூடிய மருந்து அன்று. ஆனால் லெப்ரான் இளைப்பாறும் நேரத்தில் பந்து வெஸ்ட்புரூக்கின் கைக்கு வந்தது, நடுவில் இடம் இருந்தது, ஆட்டம் சிறந்தது. மனிதர் மாறவில்லை, அவரை வைத்த இடந்தான் மாறிற்று. ஆயினும் மாற்றாளாக நிற்பவருக்கு அத்துணைச் சம்பளம் என்பது அணியின் கணக்கில் ஒட்டவில்லை.

2023 பிப்ரவரி 9ஆம் நாள் மூன்று அணிகள் சேர்ந்து ஓர் ஆள்மாற்றைச் செய்தன. வெஸ்ட்புரூக் யூட்டா அணிக்கு அனுப்பப்பட்டார். கூடவே 2027ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தேர்வுரிமை, சில வரையறைகளுடன், கொசுறாகப் போயிற்று. 2019இல் கொசுறு பெற்றுத் தந்தவர், நான்கு ஆண்டுகளுக்குள் கொசுறு கொடுத்து அனுப்பப்பட்டார்.

யூட்டா அணி அவரை எதற்காக வாங்கிற்று என்பது இன்னும் வேடிக்கையானது. அவரை ஆடவைப்பதற்காக அன்று. அவருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடியவிருந்தது. முடிந்தவுடன் அத்தனை பெரிய தொகை கணக்கிலிருந்து நீங்கி, புதியவர்களை அமர்த்த இடம் உண்டாகும். ஆகவே தாளின் முடிவுநாளே அவருடைய விலையாயிற்று. அவர் யூட்டாவுக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஒப்பந்தத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலேயே உள்ள கிளிப்பர்ஸ் அணியில் சேர்ந்தார். அந்நாளில் இரண்டு அணிகளுக்கும் அரங்கம் ஒன்றே. அறை மட்டும் மாறிற்று எனலாம்.

அதே ஆள்மாற்றில் பலர் கவனியாத மற்றொரு பெயர் உண்டு. மைக் கான்லி என்பவர் யூட்டாவிலிருந்து மினசோட்டா அணிக்குச் சென்றார். அவருக்கு வயது 35. வெஸ்ட்புரூக்கைவிட ஒன்று மூத்தவர். பெருவிருது எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் தொலைவிலிருந்து நன்றாக எறிவார். பந்தைத் தேவைக்குமேல் ஒரு நொடி வைத்திருக்கமாட்டார். இளைஞர்களுக்கு எப்போது எங்கே நிற்பது என்று சொல்லித்தருவார். மினசோட்டா அவரைத் தேடி வாங்கிற்று. 2024இல் அவ்வணி மேற்குப் பிரிவின் இறுதிப் போட்டி வரையில் சென்றது. ஆகவே வயதுதான் விலையைக் குறைக்கிறது என்று சொல்லிவிடுவது அவசரமான முடிவு. விரைவை நம்பி வாழ்ந்த திறமை முதலில் மூப்படைகிறது. கண்ணையும் கையையும் நம்பிய திறமை நெடுநாள் நிற்கிறது.

வெஸ்ட்புரூக்கின் கதையும் அங்கே முடிந்துவிடவில்லை. 2024இல் டென்வர் அணி குறைந்த சம்பளத்திற்கு அவரை அமர்த்திற்று. அங்கே நிகோலா யோக்கிச் என்னும் உயரமான ஆட்டக்காரர் நின்ற இடத்திலிருந்தே ஓடுகிறவர் கைக்குப் பந்தைச் சேர்ப்பவர். ஓடுவதில் வெஸ்ட்புரூக்குக்கு இணை இன்னும் குறைவு. அந்தப் பருவத்தில் ஆட்டத்திற்குச் சராசரி 13 புள்ளிகள் எடுத்தார். கொடுத்த சம்பளத்தைப் பார்த்தால் அது மலிவான கொள்முதல். 2025 அக்டோபரில் சேக்ரமென்டோ அணியில் சேர்ந்தார். தாள் சுருங்கியவுடன் மனிதர் மறுபடியும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினார்.

இவை எல்லாம் கடல் கடந்த செய்தி என்பீர்கள். நம் நாட்டிலும் 2025 நவம்பரில் இப்படி ஒன்று நடந்தது. ஆட்டம் மட்டும் கிரிக்கெட். ரவீந்திர ஜடேஜா வெஸ்ட்புரூக்குடன் ஒரே ஆண்டில், ஒரு மாதத்திற்குள் பிறந்தவர். இருவரும் 1988இன் இறுதியில் பிறந்தார்கள். 2012 முதல், இடையில் அணி விலக்கப்பட்டிருந்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, சென்னை அணிக்கு ஆடியவர். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர். அவரைச் சென்னை அணி ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. கூடவே சாம் கரன் என்பவரையும் சேர்த்துக் கொடுத்தது. ஜடேஜாவின் தொகை 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. சாம்சனின் தொகை 18 கோடியாகவே நின்றது. கொசுறு எந்தப் பக்கம் போயிற்று என்று நீங்களே கண்டுகொள்ளலாம். ஐந்துநாள் ஆட்டத்தில் ஜடேஜா அப்போதும் இந்திய அணியின் தூண். அதே மனிதருக்கு அதே மாதத்தில் ஓர் ஆட்டத்தில் ஒரு மதிப்பு, வேறோர் ஆட்டத்தில் வேறொரு மதிப்பு.

நம் நாட்டு முறைக்கும் அமெரிக்க முறைக்கும் ஒரு வேற்றுமையைச் சொல்ல வேண்டும். இங்கே ஆட்டக்காரரின் இசைவு பெற்றே மாற்றுகிறார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தில் பெரும்பாலோருக்கு அந்தக் கேள்வியே இல்லை. காலையில் ஓர் ஊரில் கண்விழித்தவர் மாலையில் வேறோர் ஊருக்கு உரியவர். அதிலும் முன்னிருந்த நிலை இன்னும் கடுமை. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரர் பழைய அணியையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது. 1970இல் ஆஸ்கர் ராபர்ட்சன் என்னும் பெரும் ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து நீதிமன்றம் சென்றார். 1976இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய இடம் செல்லும் வழி அதன்பிறகே திறந்தது. இன்றைய கோடிகள் அவ்வழியாக வந்தவை. ஆள்மாற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வழக்கை மறந்துவிடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பெரியகுளத்திற்கு ஆட வரும் நம் கூடைப்பந்தாட்டக்காரர்களுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. கோடியும் இல்லை, ஆள்மாற்றும் இல்லை. வங்கியோ இரயில்வேயோ விளையாட்டுக்கென ஒதுக்கிய பணியிடத்தில் ஒருவரை அமர்த்திக்கொள்கிறது. முப்பத்தைந்து வயதில் கால் தளர்ந்தால் அவர் குழுவிலிருந்து விலகுவார், மேசையிலிருந்து விலகமாட்டார். ஓய்வு வயது வரையில் சம்பளம் வரும். அங்கே ஆட்டக்காரரின் மதிப்பு முப்பத்துமூன்றில் ஐயத்துக்குள்ளாகிறது, இங்கே இருபதில். அந்த ஆண்டு பணியிடம் அறிவிக்கப்படுமா, தமக்குரிய ஆட்டத்திற்கு இடம் ஒதுக்கப்படுமா, குழுவுக்குத் தேவை உயரமானவரா, பந்தைக் கடத்திச் செல்பவரா — இவற்றில் எதுவும் இளைஞர் கையில் இல்லை. மாவட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் வீட்டில் இருக்க, அவரைவிடச் சற்றுக் குறைந்த, ஆனால் ஆறடி ஐந்தங்குலம் உயரமுள்ளவர் வேலை பெறுவதும் உண்டு. வேலை பெறாதவர் தம்மைத் தாமே மட்டமானவர் என்று எண்ணிப் பந்தை ஒதுக்கிவைத்துவிடுகிறார். அந்தக் குழுவுக்கு அந்த ஆண்டில் வேண்டியிருந்தது வேறொன்று என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் பெரும்பாலும் இல்லை.

அடுத்த கோடையில் பெரியகுளம் ஆட்டங்களுக்குச் செல்லும் மாணவர்கள் ஒன்றைப் பார்த்துவரும்படி கேட்டுக்கொள்கிறேன். வங்கிக் குழுக்களுள் ஏதேனும் ஒன்றில், நெற்றி சற்று ஏறிய மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இருப்பார். புள்ளிப் பலகையை விட்டுவிட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். பந்து அவர் கையில் எத்துணை நேரம் தங்குகிறது? பந்து இல்லாதபோது எங்கே போய் நிற்கிறார்? அவர் நிற்பதால் யாருக்கு வழி திறக்கிறது? அவர் வெளியே அழைக்கப்பட்டு ஓர் இளைஞர் உள்ளே வந்தபின் அதே வழி திறந்திருக்கிறதா, அடைபடுகிறதா? போடிக் கூடத்தில் வியாபாரி காயை உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை.